அணை காத்த அண்ணல்

புதியதொன்றைப் படைப்போரை உலகம் போற்றும். முன்னோர் படைத்தவற்றைச் சிதையாமற் காப்போரை அது பெரும்பாலும் மறந்துவிடும். மாளிகை கட்டியவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பெறும். ஆண்டுதோறும் அதன் கூரையைச் செப்பனிட்டு, சுவரின் வெடிப்பை அடைத்தவன் பெயரை எவரும் பொறிப்பதில்லை. ஆயினும் அவன் இல்லையேல் மாளிகை நில்லாது. மாளிகைக்குப் பொருந்தும் இவ்வுண்மை, ஏரிக்கும் அணைக்கும் பன்மடங்கு பொருந்தும்.

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கி இரயிலிற் செல்வோர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் முதலிய ஊர்களைக் கடந்து செல்வர். பொத்தேரி என்னும் பெயரிலேயே ஏரி ஒலிக்கின்றது. இப்பகுதியில் ஏரி இல்லாத ஊரைக் காண்டல் அரிது. இவ்வேரிகள் இயற்கையாய் அமைந்தனவல்ல. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே நம் முன்னோர் மண்ணால் கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கினர். ஒவ்வோர் ஏரியும் ஒரு சிறிய அணையே எனலாம். வயலுக்கு நீர் விட மதகும், மிகுந்த நீர் தானே வழிந்தோடக் கலிங்கலும் அமைத்தனர். மேலேரி நிரம்பி வழிந்த நீர் கீழேரிக்குச் செல்லும்; அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலி போல் தொடர்ந்த ஏரிகள் கோடையிற் பயிரைக் காத்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் பெருமழையில் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தன.

ஏரி வெட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மழைநீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் ஏரியின் அடியிற் படிகின்றது. எலியும் நண்டும் கரையைத் துளைக்கின்றன. கரைமேல் முளைத்த மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கின்றது. கலிங்கலின் கற்கள் பெயர்கின்றன. மறுகாலிற் புதர் மண்டுகின்றது. கலிங்கல் வழியே செல்லவேண்டிய நீர் கரைமேல் ஏறி வழியத் தொடங்கின், மண்கரை சிறிது பொழுதிற் கரைந்துவிடும். ஓர் ஏரி உடைந்தால் அதன் வெள்ளம் கீழுள்ள ஏரிகளையும் உடைக்கும். இதனை உணர்ந்த முன்னோர், ஏரிகளைக் காப்பதற்கென்றே குழு அமைத்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்னும் அக்குழுவிற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன.

காலம் மாறிற்று. போர்களும் ஆட்சி மாற்றங்களும் நேர்ந்தன. பேணுவாரின்றிப் பல ஏரிகளும் அணைகளும் பழுதுற்றன. அந்நாளில் கடல் கடந்து வந்த ஓர் இளைஞர், பழைய நீர்நிலைகளைப் பழுதுபார்ப்பதையே தம் முதற்பணியாக ஏற்றார். பின்னர்ப் புதிய அணைகள் பல கட்டிப் புகழெய்தினார். அவரே சர் ஆர்தர் காட்டன் என்பவர்.

இளமையும் கல்வியும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஆண்மக்கள் பலரைக் கொண்ட குடும்பத்தில் அவர் பத்தாம் மகன். தம் பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படைக்கு மாணவரைப் பயிற்றிய ஆடிஸ்கோம்பு என்னும் கல்விச்சாலையிற் சேர்ந்தார். கணக்கிலும் பொறியியலிலும் சிறந்து தேர்ந்தமையால், சென்னைப் பொறியாளர் படையில் அவருக்கு இடங் கிடைத்தது. சில காலம் வேல்ஸ் நாட்டில் நிலம் அளக்கும் பணியிற் பயின்ற பின்னர், 1821 ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

ஏரிப் பணி

சென்னை வந்த சிறிது காலத்தில் காட்டன் தென் மாவட்டங்களின் ஏரித்துறைக்குத் துணைப் பொறியாளராக அனுப்பப்பெற்றார். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி முதலிய பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று, ஏரிகளையும் கால்வாய்களையும் பார்வையிடுவது அவர் கடமையாயிற்று.

அக்காலத்துக் கம்பெனியார் நிலவரி தண்டுவதிற் காட்டிய ஊக்கத்தை, அவ்வரியை விளைவித்த நீர்நிலைகளைப் பேணுவதிற் காட்டினாரல்லர். ஏரியைப் பழுதுபார்க்கச் செலவிடும் பணம் வீண்செலவென்று கருதிய அதிகாரிகள் பலர். குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் ஒன்றுகூடி உழைத்துக் காத்துவந்த பழைய வழக்கமும் நாளடைவில் தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சென்னை மாகாணத்தின் பதினான்கு மாவட்டங்களில் ஏரி முதலிய நீர்ப்பாசன அமைப்புகள் 53,000 இருந்தன என்றும், அவற்றுள் 10,000 பழுதுற்றுக் கிடந்தன என்றும் மதிப்பிட்டனர். ஐந்தில் ஒரு பங்கு பயனற்றுப் போயிற்று எனின், உழவர் அடைந்த துயரத்தை அளவிட்டுக் கூற இயலுமோ?

இளைஞரான காட்டன் இந்நிலையை நேரிற் கண்டார். உடைந்த கரைகளைக் கண்டு வருந்தியதோடு, அக்கரைகளைப் பன்னூறாண்டுகளுக்கு முன் எழுப்பியவர்தம் அறிவைக் கண்டு வியந்தார். நிலத்தின் சரிவறிந்து, மழையின் அளவறிந்து, கல்லும் மண்ணுமே கருவியாக அமைத்த அந்நீர்நிலைகள் அவருக்கு இரண்டாவது கல்விச்சாலையாயின.

இடையில் 1824 ஆம் ஆண்டு பர்மாவிற் போர் மூண்டது. காட்டன் அப்போரிற் பணிபுரியச் சென்றார். மீண்டுவந்த பின், காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர்தம் வாழ்வின் பெரும்பணி அங்கே தொடங்கிற்று.

கல்லணையும் காவிரியும்

காவிரியாறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம் என்னும் பெயர் பெறும். தென்கிளை காவிரி என்றே வழங்கும். இரண்டுக்கும் இடையே திருவரங்கத் தீவு உள்ளது. அத்தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் படுகை உயர்ந்தது. ஆதலின் காவிரி நீர் ஆங்குக் கொள்ளிடத்தில் விழுந்து, வீணே கடல் சேர முற்படும். அதனைத் தடுத்துத் தஞ்சை வயல்களுக்குத் திருப்புதற்கு எழுந்ததே கல்லணை. கரிகாற் சோழன் கட்டினான் என வழிவழியாகக் கூறப்பெறும் இவ்வணை, காலத்தால் மிகப் பழையது. இன்றும் பயன்பட்டு வருவது.

இவ்வணை 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி அகலமும், 15 முதல் 18 அடி உயரமும் உடையது. நேர்க்கோடாக இராது பாம்பு போல் வளைந்து செல்வது. ஆற்றில் நீர் அளவோடு வருங்கால் அதனைக் காவிரியில் நிறுத்தும். வெள்ளம் பெருகுங்கால் மிகைநீரைத் தன்மேல் வழியவிட்டுக் கொள்ளிடத்திற்கு அனுப்பும். இவ்வாறு வறட்சியையும் வெள்ளத்தையும் ஒருங்கே காத்துவந்தது.

நிற்க. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கல்லணைக்கு ஒரு நோய் பற்றியிருந்தது. அந்நோய் மணல். வெள்ளம் கொணர்ந்த மணல் காவிரியின் படுகையிற் படிந்து அதனை மேடாக்கிற்று. முக்கொம்பிற் பிரியும் நீர், மேடாகிய காவிரியை விடுத்து, ஆழமும் சரிவும் மிக்க கொள்ளிடத்தையே நாடிற்று. ஆண்டுக்காண்டு காவிரியின் நீர் குறைந்தது. தஞ்சைத் தரணியின் நஞ்செய்கள் நீரின்றி வாடின. உழவர் சிலர் நிலத்தைத் தரிசாக விட்டனர்.

1804 ஆம் ஆண்டு இதனை ஆராயக் கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர் அமர்த்தப்பெற்றார். அவர்தம் கருத்தின்படி கல்லணையின்மேற் கற்களை அடுக்கி, அதன் உயரத்தை 27 அங்குலம் கூட்டினர். சில காலம் பயன் விளைந்தது. ஆயின், நோயின் காரணம் நீங்கவில்லை. அணை உயர்ந்தமையால் அதன் முன்னே மணல் தங்குவதற்கு மேலும் இடம் உண்டாயிற்று. காய்ச்சல் கொண்டவனுக்குக் கம்பளி போர்த்தியது போன்றதே அம்மருத்துவம்.

காட்டன் அணையை மட்டும் காணாது, ஆறு முழுவதையும் கண்டார். முதலிற் செய்யத்தக்கது மணலை வெளியேற்றுவது எனத் துணிந்தார். அதற்கு முன்னரே பொறியாளர் சிலர் கூறியிருந்த கருத்தொன்றைச் செயற்படுத்தி, 1830 ஆம் ஆண்டை ஒட்டிக் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்தார். மணற்போக்கி என்பது அணையின் அடியிற் கதவோடு அமைந்த வாயில். வெள்ளக் காலத்தில் அதனைத் திறந்தால், விரைந்து செல்லும் நீர் தேங்கிய மணலையும் அடித்துக்கொண்டு கொள்ளிடத்திற் சேரும். ஆற்றின் வேகத்தையே ஆற்றைத் தூர்வாரும் கருவியாக ஆக்கினார் காட்டன்.

பழைய அணையின் ஒரு பகுதியைப் பிரித்தபொழுது, அதன் அமைப்பு அவருக்குப் புலனாயிற்று. காவிரிப் படுகையில் எவ்வளவு ஆழம் தோண்டினும் பாறை தட்டுப்படுவதில்லை, எங்கும் மணலே. பாறையின்மேல் அன்றி அணை நில்லாது என்று கற்ற பொறியாளர், இத்தகைய இடத்தில் அணை கட்ட அஞ்சுவர். பண்டைத் தமிழரோ பெருங்கற்களைக் கொணர்ந்து மணலில் இட்டனர். நீர் அடியில் அரிக்க அரிக்கக் கற்கள் தம் எடையாலேயே கீழிறங்கின. அவற்றின்மேல் மேலும் கற்களை இட்டனர். இறங்கத்தக்க அளவு இறங்கிய பின் கற்கள் அசைவற்று நின்றன. அவ்வடித்தளத்தின்மேல் கல்லும் களிமண்ணும் கொண்டு அணையை எழுப்பினர். எளிய இம்முறையைக் கண்ட காட்டன் தலைவணங்கினார். மணலாற்றில் அடித்தளமிடும் கலையைத் தமக்குக் கற்பித்தவர், பெயர் அறியப்படாத இந்நாட்டுப் பண்டை மக்களே என்று பிற்காலத்தில் மனமுவந்து எழுதினார். தம்மை ஆள வந்த இனத்தாராகக் கருதாது, கற்க வந்த மாணவராகக் கருதிய அப்பணிவே அவர்தம் பெருமைக்கெல்லாம் அடித்தளமாகும்.

கொள்ளிடத்தின் இரு அணைகள்

கல்லணையிற் கற்ற பாடத்தை அவர் முக்கொம்பிற் செயலாக்கினார். காவிரிக்கு நீர் குறைவதற்குக் காரணம், பிரியுமிடத்திலேயே கொள்ளிடம் மிகுதியாக ஈர்ப்பது அன்றோ? ஆதலின் ஆங்குக் கொள்ளிடத்தின் குறுக்கே, மணற்போக்கிகளோடு கூடிய தாழ்ந்த அணையொன்றைக் கட்டினார். மேலணை என வழங்கும் அது 1836 ஆம் ஆண்டு முடிவுற்றது.

மேலணையால் காவிரி வளம் பெறுங்கால், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளோர் நீரிழந்து வருந்தக்கூடும் என்பதையும் காட்டன் எண்ணிப் பார்த்தார். ஒருவர் வயலை நனைக்க மற்றொருவர் வயலைக் காயவிடுவது அறமாகாது. ஆகவே, ஏறத்தாழ 70 மைலுக்குக் கிழக்கே கொள்ளிடத்தின் குறுக்கே மற்றோர் அணையையும் அதே ஆண்டிற் கட்டி முடித்தார். கீழணை என்பது அதன் பெயர். அவ்விடம் அணைக்கரை எனப்படும். கீழணையிலிருந்து வடவாறு வழியே செல்லும் நீர், பத்தாம் நூற்றாண்டிற் சோழர் வெட்டிய வீராணம் ஏரியை நிரப்புகின்றது. அவ்வீராணத்து நீர் 2004 ஆம் ஆண்டு முதற்கொண்டு குழாய் வழியே சென்னைக்கும் வருகின்றது. கொள்ளிடத்தில் அவர் இட்ட கற்கள் சென்னை மக்களின் தாகத்தையும் தணித்து வருதல் வியப்பன்றோ!

இவ்வணைகளால் தஞ்சை மீண்டும் செழித்தது, விளைநிலம் பெருகிற்று. ஆயினும் ஆறு என்பது உயிருள்ள பொருள் போன்றது. ஓரிடத்தில் அதனைத் தடுத்தால், வேறோரிடத்தில் அது தன் வலியைக் காட்டும். முன்பு நீரின்றி வாடிய காவிரி, மேலணை எழுந்த பின் அளவிற்கு மிகுந்த நீரை ஏற்றுப் படுகையையும் கரையையும் அரிக்கலாயிற்று. அதனைத் தடுக்க 1840 களிற் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பணை அமைக்க நேர்ந்தது. அணை கட்டியவுடன் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. ஆண்டுதோறும் ஆற்றின் போக்கை நோக்கித் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

கோதாவரித் தொண்டு

காவிரியில் வென்ற காட்டனைக் கோதாவரி அழைத்தது. 1832, 1833 ஆம் ஆண்டுகளில் தெலுங்கு நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது, பல்லாயிரவர் மடிந்தனர். 1839 ஆம் ஆண்டு புயலும் கடல்வெள்ளமும் வந்து எஞ்சியவரையும் அலைக்கழித்தன. பெரிய ஆறு பக்கத்தில் ஓடவும் மக்கள் நீரின்றி மடிவதைக் காட்டனின் உள்ளம் பொறுக்கவில்லை. அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டவேண்டும் என்று வற்புறுத்தி அரசுக்கு அறிக்கைகள் விடுத்தார். செலவை நினைந்து மேலோர் தயங்கினர். அவர் தளராது வாதிட்டு இசைவு பெற்றார்.

1847 ஆம் ஆண்டு இராஜமகேந்திரவரத்திற்கு அருகில் தவளேசுவரத்தில் வேலை தொடங்கிற்று. ஆறு ஆங்கு இடையிடையே திட்டுகளோடு ஏறத்தாழ 4 மைல் அகன்று கிடந்தது. கல்லணையிற் கற்ற முறையே ஈண்டும் கைகொடுத்தது. கடும் வெயிலில் இடையறாது உழைத்த காட்டன் நோயுற்றுச் சில காலம் விலகியிருக்க நேர்ந்தது. எனினும் பணி நிற்கவில்லை. 1852 ஆம் ஆண்டு அணை முடிவுற்றது. பஞ்சத்திற் பாழ்பட்ட கோதாவரிப் பகுதி நெற்களஞ்சியமாக மாறியது. அப்பகுதி உழவர் இன்றும் காட்டனுக்குச் சிலைகள் எடுத்து நன்றி பாராட்டுகின்றனர். காலத்தால் தளர்ந்த அவ்வணைக்கு மாற்றாக 1982 ஆம் ஆண்டு நிறைவுற்ற புதிய அணைக்கும் அவர் பெயரே இடப்பெற்றுள்ளது.

எதிர்ப்பும் இறுதிக் காலமும்

காட்டனின் வாழ்வில் வெற்றியே நிரம்பியிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. இந்தியாவிற்கு இருப்புப்பாதையினும் கால்வாய்களே முதலில் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அவர்தம் கருத்தை மறுத்தோர் பலர். அவர் ஊக்கிய கர்நூல் கடப்பைக் கால்வாய், எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. ஓராற்றிற் பொருந்தியது மற்றோராற்றிலும் பொருந்தும் என்று அவர் சில இடங்களில் மிகையாக நம்பினார். 1878 ஆம் ஆண்டு, தம் எழுபத்தைந்தாம் வயதில், இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின் முன்னின்று தம் கருத்துகளுக்கு விளக்கம் கூற நேர்ந்தது. தாம் பிழைத்த இடங்கள் உண்டாயினும், ஏழை உழவனுக்கு நீர் தருவதே அரசின் தலையாய கடமை என்னும் கொள்கையை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

1861 ஆம் ஆண்டு அவருக்கு வீரப்பெருந்தகைப் பட்டமாகிய சர் பட்டம் வழங்கப்பெற்றது. பணியினின்றும் ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற பின்னும் அவர் வாளா இருந்தாரல்லர். டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்து, நிலத்தை ஆழ உழுது கோதுமை விளைவை மிகுவிக்கும் வழிகளை ஆராய்ந்தார். 1899 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24 ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் வாழ்வு கூறும் பாடம்

காட்டன் மறைந்து நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் இட்ட அணைகளும் முதுமையடைந்தன. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22 ஆம் நாள் இரவு, பெருவெள்ளம் சென்ற காலத்தில், முக்கொம்பு மேலணையிற் பிற்காலத்திற் பொருத்தப்பெற்ற கதவுகளில் ஒன்பது, தூண்களோடு அடித்துச் செல்லப்பெற்றன. 182 ஆண்டுகள் உழைத்த அணை அது. பின்னர் அதன் அருகிற் புதிய கதவணை எழுந்தது. கல்லும் மூப்படையும், இரும்பும் துருப்பிடிக்கும். பேணுவார் கண் அயர்ந்தால் பெரிய அணையும் ஒரே இரவில் நிலைகுலையும்.

பெரிய அணைக்கு நேர்வது சிற்றேரிக்கும் நேரும். 2015 ஆம் ஆண்டு பெய்த பெருமழையில் முடிச்சூர், ஊரப்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை மக்கள் மறந்திலர். ஏரிக்கு நீர் வரும் கால்களும், ஏரியினின்று நீர் செல்லும் கால்களும் அடைபட்டால், நீர் வீதியையே காலாகக் கொள்ளும். வயல் குறைந்துவிட்டது, இனி ஏரி எதற்கு என்று சிலர் வினவுவர். வயல் குறையினும் மழை குறைவதில்லை. வயலுக்கு நீர் தந்த ஏரி, இன்று வெள்ளத்தைத் தாங்கி வீடுகளைக் காக்கும் அரணாக உள்ளது. நிலத்தடி நீரைப் பெருக்கிக் கிணறுகளை ஊறச் செய்கின்றது. ஆகலின் அதனைப் பேணும் கடமை முன்னினும் மிகுந்ததேயன்றிக் குறைந்ததன்று.

காட்டனைப் போல் பேராற்றின் குறுக்கே அணை கட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆயின் தம் ஊர் ஏரியின் கரை எங்கே தாழ்ந்துள்ளது, கலிங்கல் எங்கே உள்ளது, மறுகால் எவ்வழியே செல்கின்றது என்பவற்றை அறிதல் ஒவ்வொரு மாணவர்க்கும் இயல்வதே. அறிந்தவர் அதனிற் குப்பை கொட்டார்; பிறர் கொட்டவும் பொறார். கரையில் ஒரு துளை கண்டால் உரியவர்க்கு உடனே தெரிவிப்பர். சிறு துளையைக் காலத்தில் அடைத்தவன் பெருவெள்ளத்தைத் தடுத்தவனாவான். அவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பெறாது போகலாம். அவனால் ஊர் நிலைபெறும். கல்லணையை எழுப்பிய பெயரறியாப் பெருமக்களும், அதனைப் பேணிய காட்டனும் காட்டிய நெறி இதுவே. அந்நெறியிற் சென்று, முன்னோர் ஈந்த நீர்நிலைகளைப் பழுதின்றிப் பின்னோர்க்கு அளிப்போமாக.